ஆரம்பகட்ட அல்சைமரில் கவனத்தைப் படம்பிடிப்பது எப்படி: ஆய்வு மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அல்சைமர் என்றதும் மறதிதான் எல்லோர் மனதிலும் வந்து நிற்கும். மருத்துவரிடம் அழைத்து வருகிற மகனோ மகளோ அதைத்தான் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் வேறு சங்கதிகளும் வெளியே வரும். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் அப்பாவுக்கு நாம் சொல்வது எதுவும் ஏறுவதில்லை. அடுப்பில் பால் இருக்கும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால் அம்மாவுக்கு அடுப்பே மறந்துபோகிறது. விசேஷ வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மாமா பேசாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார். வீட்டில் இவையெல்லாம் மறதிக் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. உண்மையில் இவற்றில் கவனத்தின் பங்கு பெரிது. பெர்ரியும் ஹாட்ஜஸும் 1999இல் 'பிரெய்ன்' இதழில் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நினைவுக்கு அடுத்தபடியாக முதலில் அடி வாங்குவது கவனம்தான், மொழியும் இட உணர்வும் அதற்குப் பிறகே என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்தக் கவனக் குறைவை ஸ்கேன் மூலம் ஆராய நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். உளவியல், நரம்பியல், கதிரியக்கம் என எந்தத் துறையிலிருந்து வந்தாலும் பரவாயில்லை. எம்.ஆர்.ஐ. கருவி கவனத்தைப் படமெடுப்பதில்லை. ரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைத்தான் எடுக்கிறது. அந்த மாற்றத்தைக் கவனம் என்று சொல்லும் உரிமையை உங்களுக்குத் தருவது, ஸ்கேனுக்கு முன்னால் மேசையில் உட்கார்ந்து நீங்கள் எடுத்த முடிவுகள்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி, கருவி இருக்கும் அறைக்கு வெளியேதான் நடக்கும்.

படி 1: எந்தக் கவனம் என்று முடிவு செய்யுங்கள்

'கவனத்தை ஆராயப் போகிறேன்' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. மைக்கேல் போஸ்னரும் ஸ்டீவன் பீட்டர்சனும் 1990இல் கவனத்தை மூன்று வேலைகளாகப் பிரித்தார்கள்: விழிப்போடு தயாராக இருப்பது, ஓர் இடத்தை நோக்கிக் கவனத்தைத் திருப்புவது, முரண்படும் தகவல்களுக்கு நடுவே சரியானதைத் தேர்ந்தெடுப்பது. 2002இல் கார்பெட்டாவும் ஷுல்மனும் இன்னொரு வரைபடம் தந்தார்கள். நாமாக விரும்பி ஒன்றைத் தேடும்போது உச்சி மடலின் மேற்பகுதியும், முன்மடலில் கண்ணசைவை இயக்கும் பகுதியும் சேர்ந்து இயங்குகின்றன. எதிர்பாராத ஒன்று நம்மைத் தன் பக்கம் இழுக்கும்போது வலது காதுக்கு மேலே, உச்சி மடலும் பொட்டு மடலும் சேருமிடம் வேலை செய்கிறது.

அல்சைமரில் இவை அனைத்தும் ஒரே அளவில் கெடுவதில்லை. ராஜா பரசுராமன் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. திரையில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே குறிப்புக் கொடுத்தால், லேசான அல்சைமர் உள்ளவர்கள் அதை ஆரோக்கியமானவர்களைப் போலவே பயன்படுத்திக்கொண்டார்கள். குறிப்புத் தவறாக இருந்தபோதுதான் சிக்கல். தவறான இடத்திலிருந்து கவனத்தைப் பிடுங்கிச் சரியான இடத்தில் வைக்க அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அந்தத் தாமதம் உச்சி மடல் குளுக்கோஸைப் பயன்படுத்தும் விதத்தோடு தொடர்புபட்டிருந்ததை, கதிரியக்கப் பொருளை ஊசியாகச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் காட்டியது. திரும்புவதில் தொல்லை இல்லை, விடுவதில்தான் தொல்லை. உங்கள் கேள்வியும் இந்த அளவுக்குக் குறுகியதாக இருக்க வேண்டும்.

வேதியியல் பக்கத்தையும் மறக்க வேண்டாம். மூளையின் அடிப்பகுதியில் மெய்னெர்ட் பெயரால் வழங்கும் ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். பெருமூளைப் புறணிக்குப் போகும் அசிட்டைல்கோலினில் பெரும்பங்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அல்சைமரில் அந்த அணுக்கள் பெருமளவில் அழிகின்றன என்று 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் 1996இல் அனுமதி பெற்ற டொனெபெசில் போன்ற மாத்திரைகள் எஞ்சியிருக்கும் அசிட்டைல்கோலினைச் சிதையாமல் காப்பவை. அவற்றால் நினைவைவிடக் கவனத்துக்கே அதிகப் பலன் என்று கருதுவோர் உண்டு. பங்கேற்பாளர் அந்த மாத்திரை எடுக்கிறாரா, எத்தனை மாதமாக எடுக்கிறார் என்பதை முதல் படிவத்திலேயே எழுதி வையுங்கள்.

படி 2: யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது

ஆரம்பகட்டம் என்றால் பொதுவாக லேசான அறிதிறன் குறைபாடு உள்ளவர்களும், நோய்த் தீவிர அளவுகோலான சி.டி.ஆரில் 0.5 அல்லது 1 வாங்குபவர்களும். இதற்கு மேல் போனவர்களைக் கருவிக்குள் படுக்கவைத்துப் பணி செய்யச் சொல்வது அவர்களுக்கும் துன்பம், தரவுக்கும் கேடு.

முடிந்தால் அல்சைமர்தான் என்பதை உயிரியல் சான்றால் உறுதி செய்துகொள்ளுங்கள். மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைக் காட்டும் பெட், தண்டுவட நீர்ப் பரிசோதனை, இப்போது ரத்தத்தில் பார்க்கப்படும் பி-டௌ217 என்ற புரதம் ஆகியவற்றில் ஒன்று போதும். பல இடங்களில் பணம் இடம் கொடுக்காது. அப்படியானால் 'மருத்துவ அறிகுறிகளின்படி அல்சைமராக இருக்கக்கூடும்' என்று நேர்மையாக எழுதுங்கள்.

கவனம் கெடுவதற்கு நூறு காரணங்கள் உண்டு. யாரை விடுவது என்ற பட்டியலில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. ஒருவருடைய கவனம் இரண்டு மூன்று நாட்களில் திடீரென்று சிதறிப்போயிருந்தால் அது பெரும்பாலும் உடல் நோயால் வரும் திடீர்க் குழப்பநிலை. சிறுநீர்த் தொற்றோ உப்புக் குறைவோ காரணமாக இருக்கலாம். அவரை உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரு நாள் தெளிவு, மறுநாள் மந்தம், நடுவே இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது என்றால் லூயி உடல் மறதிநோயைச் சந்தேகிக்க வேண்டும். மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சுத்திணறல் எல்லாமே கவனத்தைக் கெடுக்கும்.

மருந்துப் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சீட்டை மட்டும் பார்த்தால் போதாது. அமிட்ரிப்டிலின், சில பழைய சளி, அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அடக்கத்துக்கான சில மருந்துகள் ஆகியவை அசிட்டைல்கோலினுக்கு எதிராக வேலை செய்பவை. கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை எந்தச் சீட்டிலும் இருக்காது.

ஒப்பீட்டுக் குழுவில் வயது, பால் ஆகியவற்றோடு படிப்பும் பொருந்த வேண்டும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான கணக்கீடு சொல்கிறது. அந்தத் தலைமுறையில் பள்ளிக்கே போகாதவர்கள் ஏராளம். ஓய்வுபெற்ற பேராசிரியர்களை ஆரோக்கியமான குழுவாகவும், ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களை நோயாளிக் குழுவாகவும் வைத்தால் உங்கள் வண்ணப்படம் படிப்பின் வேறுபாட்டைத்தான் காட்டும். நோயாளியின் கணவரையோ மனைவியையோ ஒப்பீட்டுக் குழுவில் சேர்ப்பது வழக்கம். வீடும் உணவும் ஒன்றாகிவிடுவது லாபம். ஆண் பெண் விகிதத்தையும், நம் ஊரில் கணவன் மனைவிக்கிடையே இருக்கும் படிப்பு வித்தியாசத்தையும் மட்டும் தனியே கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் பெறுவது பற்றி ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் அறிதிறன் குறைந்தவர்களைக் கூடுதல் பாதுகாப்புக்கு உரியவர்களாக வைக்கின்றன. ஆரம்பகட்டத்தில் இருப்பவர் பெரும்பாலும் தாமே புரிந்துகொண்டு கையெழுத்திடக் கூடியவர். மகனிடம் மட்டும் பேசிவிட்டு, அருகில் இருப்பவரை நாற்காலி மாதிரி விட்டுவிடும் பழக்கம் ஆய்வகங்களிலும் இருக்கிறது. அது தவறு. விளக்கிய பிறகு, 'ஐயா, இப்போது என்ன செய்யப் போகிறோம் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். ஸ்கேன் நாளன்று இன்னொரு முறை கேளுங்கள்.

படி 3: கருவிக்கு வெளியே கவனத்தை அளந்து பாருங்கள்

காகிதமும் பென்சிலும் போதும் என்பதால் பலர் இதை அலட்சியப்படுத்துகிறார்கள். 100லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது (93, 86, 79, 72, 65), எண்களைத் தலைகீழாகச் சொல்வது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பது எல்லாம் தெரிந்தவைதான். கழித்தல் கணக்கு படிப்பைச் சார்ந்தது. படிக்காதவருக்குத் தமிழ் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லவைப்பது நல்ல வழி: பங்குனி, மாசி, தை, மார்கழி என்று சித்திரை வரை.

எத்தனை பிழை என்று மட்டும் எண்ணாமல், எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். 'பங்குனி, மாசி, தை' என்று சரியாக இறங்கி வந்தவர், சற்று நிறுத்திவிட்டு, 'மாசி, பங்குனி, சித்திரை' என்று ஏறத் தொடங்குவார். மாதங்கள் அவருக்கு மறக்கவில்லை. பின்னோக்கிப் போக வேண்டும் என்ற விதி கையிலிருந்து நழுவிவிட்டது. பழகிய வரிசை ஒருபக்கம் இழுக்க, விதியைப் பிடித்து வைத்திருப்பதுதான் கவனத்தின் வேலை. மாதங்களின் பெயரே வராமல் திக்குகிறவரின் நிலை வேறு. இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கும் என்பதால்தான் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

பார்வையும் கேட்கும் திறனும் பரிசோதிக்கப்படாமல் யாரும் அடுத்த படிக்குப் போகக் கூடாது. கண்புரை இருப்பவர் திரையின் ஓரத்தில் வரும் குறியைத் தவறவிட்டால் அது கவனக் குறைவு ஆகாது.

படி 4: எந்த ஸ்கேன்?

சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைக் காட்டும். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்கியிருக்கிறதா, உச்சி மடல் மெலிந்திருக்கிறதா, வெண்பொருளில் ரத்தக்குழாய்க் கோளாறின் தடங்கள் இருக்கின்றனவா என்று தெரியும். எந்த ஆய்வாக இருந்தாலும் இது கட்டாயம்.

எஃப்.டி.ஜி. பெட், மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் அளவைக் காட்டும். மிக ஆரம்பத்திலேயே, மூளையின் நடுக்கோட்டை ஒட்டிப் பின்புறமாக இருக்கும் பின் சிங்குலேட் புறணியில் அது குறைவதை 1997இல் மினோஷிமா குழுவினர் காட்டினார்கள். ஆனால் ஊசி போட்ட பிறகு அரை மணி நேர அளவில் மூளை செய்த வேலையின் சராசரிதான் கிடைக்கும். ஒரு கணத்தில் கவனம் திரும்புவதை இதில் பிடிக்க முடியாது. கவனச் சோதனையை வெளியே செய்து, மதிப்பெண்ணையும் படத்தையும் ஒப்பிடலாம். எளிய வழி, குறைத்து மதிப்பிட வேண்டாம்.

கவனம் இயங்கும்போதே பார்க்க வேண்டுமானால், மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறையான எஃப்.எம்.ஆர்.ஐ. வேண்டும். 1990இல் செய்ஜி ஒகாவா விளக்கிய அடிப்படைதான் இன்றும்: நரம்பணுக்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் தேவைக்கு மேலேயே பாய்கிறது, அதனால் காந்த சமிக்ஞை சற்றே உயர்கிறது. அந்த உயர்வு உச்சத்துக்கு வர 5 முதல் 6 வினாடி ஆகும். அளவோ 1 சதவீதத்தை ஒட்டித்தான். இவ்வளவு சிறிய சமிக்ஞையை வைத்துத்தான் இந்தத் துறை முழுவதும் நிற்கிறது என்பதை எப்போதும் மனதில் வையுங்கள்.

பணி செய்ய முடியாதவர்களுக்கு ஓய்வுநிலை எஃப்.எம்.ஆர்.ஐ. உண்டு. சும்மா படுத்திருக்கும்போது எந்தெந்தப் பகுதிகள் ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பது. 2004இல் கிரெய்சியஸ் குழுவினர், நாம் சும்மா இருக்கும்போது அதிகம் இயங்கும் இயல்புநிலை வலையமைப்பின் இந்த ஒத்திசைவு அல்சைமரில் குறைவதைக் காட்டியது இந்த வழியில்தான். முதியவர்கள் அந்த எட்டுப் பத்து நிமிடத்தில் அயர்ந்து தூங்கிவிடுவார்கள். கண்ணைத் திறந்து நடுவில் இருக்கும் குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். கேமரா இருந்தால் கண்ணைக் கண்காணியுங்கள்.

படி 5: பணியை வடிவமைப்பது

தொடக்கக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஜின் ஃபேனும் போஸ்னரும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட கவன வலையமைப்புச் சோதனை. நடுவில் ஓர் அம்புக்குறி, இருபுறமும் வேறு அம்புகள். நடு அம்பு காட்டும் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். சில முறை முன்கூட்டியே எச்சரிக்கைக் குறி வரும், சில முறை இடத்தைக் காட்டும் குறி வரும், சில முறை எதுவும் வராது. எச்சரிக்கை இல்லாத நேரத்திலிருந்து எச்சரிக்கை உள்ள நேரத்தைக் கழித்தால் விழிப்பின் அளவு கிடைக்கும். நடுவில் தோன்றும் குறிக்கும் இடம் காட்டும் குறிக்கும் உள்ள வித்தியாசம் திருப்புதலின் அளவு. முரணான அம்புகளுக்கும் ஒத்த அம்புகளுக்கும் உள்ள வித்தியாசம் முரண்பாட்டைச் சமாளிக்கும் திறன்.

அம்புக்குறி பழகாத முதியவர்களுக்குக் குழந்தைகளுக்கான வடிவத்தில் இருக்கும் மீன்களைப் பயன்படுத்துங்கள். 'அம்மா, நடுவில் இருக்கும் மீன் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்துங்கள்' என்றால் ஒரே முறையில் புரிந்துவிடும். நிறுத்தி நிறுத்தி நடத்துங்கள். ஒரு சுற்று ஐந்தாறு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆரோக்கியமான ஒருவர் ஒத்த அம்புகளுக்கு 600 மில்லிவினாடியும் முரணான அம்புகளுக்கு 700ம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 900ம் 1050ம் எடுக்கிறார். வித்தியாசம் 100க்கு 150, ஆகவே நோயாளிக்கு முரண்பாட்டைச் சமாளிப்பதில் குறை என்று எழுதத் தோன்றும். விகிதம் போட்டுப் பாருங்கள்: இரண்டுமே ஆறில் ஒரு பங்குதான். அவர் எல்லாவற்றிலும் மெதுவாக இருக்கிறார், அவ்வளவே. விகிதத்தையும் சேர்த்து அறிக்கையில் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் பணியின் கடினம். நோயாளிகள் பாதிக்குப் பாதி தவறு செய்யும் பணியில் மூளை இயக்கம் குறைவாகத் தெரிந்தால், கவன வலையமைப்பு பழுதா, அல்லது அவர் முயற்சியைக் கைவிட்டுவிட்டாரா என்று சொல்ல வழியில்லை. ஆகவே பணியை எளிதாக்கி, பெரும்பாலும் சரியாகச் செய்யும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். சரியான பதில்களை மட்டும் தனியே ஆராயும்படி, ஒவ்வொரு நிகழ்வையும் பிரித்தறியும் வடிவமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: ஸ்கேன் நாள்

முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டியவை: எப்போதும் சாப்பிடும் மாத்திரையை எப்போதும் போலச் சாப்பிடலாம். காபி விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள், ஏனென்றால் காஃபின் மூளையின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நகையைக் கழற்ற வேண்டியிருக்கும். தாலியைக் கழற்றச் சொல்வதைக் கருவி அறை வாசலில் வைத்துத் திடீரென்று சொல்லாதீர்கள். முன்பே தெரிந்தால் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வருவார்கள். அதிகம் தப்பிப்போவது தாலிக்கயிற்றிலும் புடவையிலும் இருக்கும் ஊக்குகள்தான். எஃகு ஊக்கை 3 டெஸ்லா காந்தம் விடாது. இதய முடுக்கி, பழைய அறுவைச் சிகிச்சைக் கிளிப், பல்செட்டு, காதுக் கருவி எல்லாவற்றையும் கேளுங்கள். அந்தக் காந்தம் எந்த நேரமும் அணையாது என்பதைக் கூட வருபவருக்கும் சொல்லுங்கள்.

காதுக் கருவியைக் கழற்றிய பிறகு விளக்கம் சொல்லிப் பயனில்லை. பயிற்சி முழுவதையும் வெளியே, மடிக்கணினியில், அதே பொத்தான்களோடு முடித்துவிடுங்கள். 100 டெசிபெலைத் தாண்டும் அந்த இரைச்சலின் பதிவைக் கேட்க வைத்தால் உள்ளே போனதும் திடுக்கிட மாட்டார்கள். கண்ணாடி அணிபவருக்கு உலோகமில்லாத சட்டத்தில் அதே பவர் தேவை. தலையைச் சுற்றிப் பஞ்சு வையுங்கள், முழங்காலுக்கடியில் தலையணை வையுங்கள், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் இருபதாவது நிமிடத்தில் தலை ஆடத் தொடங்கும்.

வடிவப் படத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பணியை முதலில் எடுங்கள். களைப்படைந்த பிறகு கவனத்தை அளப்பதில் என்ன பொருள்?

படி 7: தரவைச் சுத்தம் செய்வது

அசைவைத் திருத்த மென்பொருள் இருக்கிறது. ஆனால் அசைந்த எல்லோரையும் நீக்கிவிட்டால், மிஞ்சுவது லேசான நோயாளிகள் மட்டுமே. எத்தனை பேரை எந்த வரம்பில் நீக்கினீர்கள், அவர்களுடைய மேசைச் சோதனை மதிப்பெண் என்ன என்பதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சுருக்கம். எல்லா மூளைகளையும் ஒரே அச்சுக்குக் கொண்டுவரப் பரவலாகப் பயன்படும் எம்.என்.ஐ. வார்ப்பு 152 இளம் வயதினரின் சராசரி. சுருங்கிய முதிய மூளையை அதில் இழுத்துப் பொருத்தினால் உச்சி மடல் இருக்க வேண்டிய இடத்தில் மூளைநீர் வந்து உட்காரும். உங்கள் பங்கேற்பாளர்களின் மூளைகளிலிருந்தே ஒரு வார்ப்பை உருவாக்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் சாம்பல் பொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். அதைச் சேர்த்ததும் முடிவு காணாமல் போனால், நீங்கள் கண்டுபிடித்தது கவனக் குறைவின் தடயம் அல்ல, தேய்மானம்.

ரத்தக்குழாய்களையும் நம்பிவிட முடியாது. அல்சைமரில் அமிலாய்டு குழாய்ச் சுவரிலும் படிவதுண்டு. நரம்பணு வேலை செய்தாலும் குழாய் விரியாவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாது. ரத்த ஓட்டத்தையே நேரடியாக அளக்கும் ஏ.எஸ்.எல். முறையைச் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் நிறைந்த நம் ஊர் முதியவர்களிடம் இது ஆடம்பரம் ஆகாது.

படி 8: வண்ணப் புள்ளிகளை வாசிப்பது

கிரெய்க் பென்னட்டும் சகாக்களும் 2009இல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்களுடைய உணர்ச்சி என்ன என்று கேட்டார்கள். திருத்தம் செய்யாத புள்ளியியலில் மீனின் மூளையில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தன! லட்சம் இடங்களில் தனித்தனியாக 5 சதவீத வரம்பில் சோதித்தால் ஐயாயிரம் இடங்கள் தற்செயலாகவே மின்னும். எந்தப் பகுதியைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தரவைத் தொடுவதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்யுங்கள். 2016இல் எக்லுண்ட் குழுவினர் பரவலான சில மென்பொருள்கள் அருகருகே மின்னும் புள்ளிகளை ஒரே கொத்தாக எடுத்துச் செய்யும் திருத்தமும் தளர்வானது என்று காட்டிய பிறகு, இதில் சலுகை எடுக்க இடமில்லை.

பிறகு பொருள் சொல்வது. ஆரம்பகட்ட நோயாளியின் முன்மடலில் இயக்கம் அதிகமாகத் தெரிந்தால், பழுதான பகுதிக்கு மாற்றாக அது உழைக்கிறது என்று உடனே எழுதிவிடுகிறார்கள். இருக்கலாம். அதே வேலைக்கு அதிகச் சக்தி வீணாகிறது என்றும் கொள்ளலாம். அதிக இயக்கம் உள்ளவர்கள் பணியை நன்றாகச் செய்தார்களா என்று பாருங்கள். அந்தத் தொடர்பு இல்லாமல் ஈடுசெய்தல் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கட்சி.

இறங்க வேண்டிய பகுதிகளையும் பாருங்கள். வெளியுலகைக் கவனிக்கும்போது பின் சிங்குலேட்டும் அதை ஒட்டிய பிரிகியூனியஸ் பகுதியும் அடங்க வேண்டும். அல்சைமரில் அவை சரியாக அடங்குவதில்லை. அமிலாய்டு முன்கூட்டியே படியும் இடங்களும் ஏறக்குறைய இவைதான். கவன ஆய்வுகளில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது, கூடுதலாக மின்னும் சிவப்புப் புள்ளிகளைவிட, அடங்க மறுக்கும் இந்தப் பகுதிகள்தான்.

படி 9: குடும்பத்துக்கு என்ன சொல்வது

'படத்தில் என்ன தெரிந்தது?' என்று கட்டாயம் கேட்பார்கள். கவன எஃப்.எம்.ஆர்.ஐ. குழுக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டும் ஆய்வுக் கருவி. ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் பரிசோதனையாக அது நிலைபெறவில்லை. யாராவது அப்படிச் சொல்லிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று குடும்பத்திடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள். மாறாக, வடிவப் படத்தில் கட்டியோ பழைய பக்கவாதத் தடமோ தற்செயலாகத் தெரிந்தால், அதைக் கதிரியக்க மருத்துவர் பார்த்து யார் மூலம் தெரிவிப்பது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஓர் ஆண்டு கழித்து மீண்டும் அழைப்பதாக இருந்தால், அதே கருவி, அதே மென்பொருள் பதிப்பு, அதே நேரம், அதே பவர் கண்ணாடி. காலையில் எடுத்தவரை மாலையில் அழைக்காதீர்கள். இடையில் மாத்திரை மாறியதா என்று கேட்டு, பெட்டியை மறுபடியும் கொண்டுவரச் சொல்லுங்கள்.